லேபல் இல்லாத வெள்ளை டப்பா கிறீம், பிள்ளைகளுக்குப் பூசிராதீங்க

கல்லடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடிப் பக்கம் இருக்கிற அம்மாமார் கட்டாயம் வாசிங்க.

என்ட மகளுக்கு நாலு வயசு. ரெண்டு முழங்கை மடிப்பிலயும் கன்னத்திலயும் அலர்ஜிக் கரப்பான். கச்சான் காத்து தொடங்கினா தோல் காஞ்சி வெடிச்சி, ராவெல்லாம் கடிக்குது கடிக்குதெண்டு சொறிஞ்சி, விடிய எழும்பிப் பாத்தா தலகணி உறையில ரெத்தம். அந்த நேரம்தான் பக்கத்து வளவு அக்கா சொல்லி, வீட்டில வச்சி விக்கிற ஒராள்ட்ட "நூறு வீதம் மூலிகை, ஸ்டீரொயிட் இல்ல" எண்டு ஒரு டப்பா வாங்கினம், 1800 ரூவா. அதில பேரில்ல, என்ன கலந்திருக்கெண்டு இல்ல, திகதி இல்ல. ரெண்டே நாளில தோல் சுத்தமாயிட்டு. சந்தோசத்தில நான் அழுதே போட்டன்.

மூணு மாசம் காலையும் ராவும் பூசினன், கன்னத்துக்கும். ஒரு நாள் விட்டாலும் திரும்ப வந்திரும். அவர்ட்ட கேட்டா "உள்ள இருக்கிற கெட்ட நீர் வெளிய வருது தங்கச்சி, நிப்பாட்டிராதீங்க" எண்டு ரெண்டாவது டப்பாவையும் வித்தாரு, நானும் நம்பினன். மறுகா பாத்தா கன்னத்தில சிவப்பு நூல் மாதிரி நரம்பு தெரியுது, வாயச் சுத்திச் சின்னச் சின்னப் பரு, கை மடிப்புத் தோல் வெங்காயச் சருகு போல மெல்லிசு. பயந்து ஒரேயடியா நிப்பாட்டினன், மூணாம் நாள் முகமெல்லாம் வெந்த மாதிரிச் சிவந்து, பிள்ள தொடவே விடல்ல.

தோல் கிளினிக்கில டப்பாவக் கண்டதும் டொக்டர் கேட்டது "எத்தின நாளில சுகமாகின?" ரெண்டு நாளெண்டன். பரிசோதிச்சாத்தான் உறுதியாச் சொல்லலாம், ஆனா தோலப் பாத்தா குளோபெற்றசோல் மாதிரிக் கடும் ஸ்டீரொயிட், அதாவது சிவப்பையும் கடியையும் கெதியா அமத்துற மருந்து, கலந்திருக்கும் எண்டாங்க. அது 0.05 வீதக் கிறீமே பெரியாக்களுக்கு ரெண்டு கிழமைக்கு மேல தொடர்ந்து குடுக்கிறல்லயாம், அதை நான் பச்சப்பிள்ளைட முகத்தில மூணு மாசம் பூசியிருக்கன். 2015ம் ஆண்டு 5ம் இலக்கத் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டப்படி பதிவில்லாத மருந்த விக்கவே ஏலாது, ஆனா ஊருக்குள்ள வீட்டுக்கு வீடு போகுது.

இதுக்காக ஸ்டீரொயிட் எண்டாலே நஞ்செண்டு ஓடாதீங்க. இப்ப கை மடிப்புக்குத் தந்ததும் ஸ்டீரொயிட்தான், ஹைட்ரோகோட்டிசோன் 1 வீதம், மெல்லிய வகை, கொஞ்ச நாளைக்கு மட்டும். பெரியாள்ட சுட்டுவிரல் நுனியில இருந்து முதல் மடிப்பு வரைக்கும் பிதுக்கினா கிட்டத்தட்ட அரைக் கிராம், அது விரலோட சேத்துப் பெரியாள்ட ரெண்டு உள்ளங்கை அளவு தோலுக்குப் போதும், இத ஒருத்தரும் எனக்கு முன்ன சொல்லித் தரல்ல. முகத்துக்கு டக்ரோலிமஸ் 0.03 வீத ஓயின்ட்மென்ட், அது ஸ்டீரொயிட் இல்ல, தோல மெல்லிசாக்காது, ஆனா முதல் கொஞ்ச நாள் எரியும், பிள்ள அழும், பொறுக்கணும். எல்லாத்த விடவும் குளிச்சி ஈரம் காயமுதல் வாசனையில்லாத பரஃபின் ஓயின்ட்மென்ட் தாராளமாப் பூசச் சொன்னாங்க, அதுதான் ராக் கடியக் குறைச்சது.

இப்ப நித்திரை கொள்றா. கன்னத்து நரம்பு இன்னும் தெரியுது.

அதே மாதிரி டப்பா உங்கட வீட்டில இருந்தா, நான் செஞ்ச மாதிரிச் சட்டெண்டு நிப்பாட்டாம டப்பாவையும் எடுத்துக்கிட்டு நாளைக்கே தோல் டொக்டர்ட்ட போங்க, எப்பிடிக் குறைச்சி விடுறதெண்டு அவங்க சொல்லுவாங்க.