பக்கத்துக் கிடங்கா, சரியான கிடங்கா? டெல்டா நெல் இயக்கத்துக்கு எந்தக் கணக்கு பொருந்தும்

குறுவை அறுவடையும் வடகிழக்குப் பருவமழையும் அக்டோபரில் ஒன்றாக வந்து சேரும். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ மூட்டைகளாக அட்டி போட்ட (அடுக்கி வைத்த) நெல் கிளம்பவில்லை என்றால் அடுத்த நெல்லை அடுக்க இடம் இருக்காது. கொள்முதல் நிற்கும். விவசாயி தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு குவியலுக்குக் காவல் இருப்பார். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் வாங்கக் கூடாது என்பது பொது விதி என்பதால், காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் அவருக்குத்தான் நட்டம். எங்கள் வீட்டு நெல் ஒரு வருஷம் அப்படி ஒன்பது நாள் கிடந்தது. குவியலின் அடியில் முளைவிட்ட நெல்லை அம்மா இரண்டு கையாலும் அள்ளிக் காட்டியதை என்னால் மறக்க முடியவில்லை.

அந்த வருஷம் லாரியே இல்லை என்று சொல்ல முடியாது. எந்த லாரி, எங்கிருந்து, எந்தக் கிடங்குக்கு என்பதில்தான் சிக்கல். இதைத் தீர்க்க நான்கு வழிகள் உண்டு.

முதல் வழி, இயக்கம், அதாவது நிலையத்திலிருந்து கிடங்குக்கு நெல்லை அனுப்பும் வேலை பார்க்கும் ஊழியரின் அனுபவம். ஒரு நோட்டு, ஒரு போன். எந்த வாய்க்கால் பாலத்தில் லோடு லாரி ஏறாது, எந்தக் கிடங்கில் சுமைதூக்குவோர் மாலை சீக்கிரம் கிளம்பிவிடுவார்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் எந்த நேரத்தில் மாட்டிக்கொள்வோம் என்பதும் தெரியும். இந்த அறிவை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். ஆனால் அவர் இயல்பாகச் செய்வது, பக்கத்தில் இருக்கும் கிடங்குக்கு முதலில் அனுப்புவது. அது எங்கே தவறுகிறது என்று பாருங்கள்.

அ, ஆ என்று இரண்டு கொள்முதல் நிலையங்கள், இரண்டிலும் 100 டன் நெல். க, ச என்று இரண்டு கிடங்குகள், இரண்டிலும் 100 டன்னுக்கு இடம். அ-விலிருந்து க 10 கிலோமீட்டர், ச 14. ஆ-விலிருந்து க 12, ச 30. (விளக்கத்துக்காக நான் வைத்த எண்கள் இவை.) மிகக் குறைந்த தூரம் அ-விலிருந்து க, அதனால் அதை முதலில் நிரப்புகிறோம். ஆ-வுக்கு வேறு வழியில்லை, 30 கிலோமீட்டர் போயாக வேண்டும். மொத்தம் 4,000 டன்-கிலோமீட்டர் (டன்னைத் தூரத்தால் பெருக்கிய கணக்கு). மாற்றி அனுப்பினால் அ-வின் நெல் 14 கிலோமீட்டரும் ஆ-வின் நெல் 12 கிலோமீட்டரும் போகும், மொத்தம் 2,600. மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் மிச்சம்! ஆனால் அ ஊர்க்காரர்கள், “பக்கத்துலயே கிடங்கு இருக்க, எதுக்கு அவ்வளவு தூரம் அனுப்புறீங்க?” என்று கேட்பார்கள். அவர்கள் கேட்பதும் நியாயமாகத்தான் படும்.

பிளஸ் டூ வணிகக் கணிதம் படித்தவர்களுக்கு இது போக்குவரத்துக் கணக்கு என்று ஞாபகம் வரும். முதலில் செய்த தவறு, பாடத்தில் வரும் மீச்சிறு செலவு முறையேதான். வோகல் முறை அங்கே ஒரு நல்ல கேள்வி கேட்கிறது: முதல் தேர்வு கிடைக்காவிட்டால் இழப்பு யாருக்கு அதிகம்? அ-வுக்கு 4 கிலோமீட்டர்தான், ஆ-வுக்கு 18. ஆகவே க கிடங்கு ஆ-வுக்கு. இரண்டுக்கு இரண்டு என்றால் கையாலேயே போட்டுவிடலாம். 100 நிலையம், 20 கிடங்கு என்று வந்தால் 2,000 பாதைகள். எவ்வளவு அனுபவம் இருந்தாலும் ஒரு மனிதரால் இதை மனசில் வைத்துக்கொள்ள முடியாது.

இரண்டாவது வழி, நேரியல் திட்டமிடல்: இருப்பு, இடம் போன்ற வரம்புகளுக்குள் மொத்தச் செலவு மிகக் குறைவாக வரும் பங்கீட்டைக் கண்டுபிடிக்கும் கணிதம். என் ஓட்டு இதற்குத்தான். 1939-ல் சோவியத் நாட்டில் கான்டரோவிச், 1941-ல் அமெரிக்காவில் ஹிட்ச்காக் எழுதிய கணக்கு இது. 1947-ல் இதைப் படிப்படியாகத் தீர்க்கும் டான்ட்சிக்கின் சிம்ப்ளெக்ஸ் முறை வந்த பிறகு நடைமுறைக்குப் பரவியது. எக்செல்லோடு வரும் சால்வர் என்ற கருவி 200 மாறிகளோடு (எந்தப் பாதையில் எவ்வளவு என்று கண்டுபிடிக்க வேண்டிய எண்கள்) நின்றுவிடும், ஒரு தாலுகாவுக்கே போதாது. ஹைஸ், சிபிசி போன்ற இலவச மென்பொருள்கள் உண்டு. 100 நிலையம், 20 கிடங்கு, 7 நாள் என்று 14,000 மாறிகள் ஆனாலும் சாதாரண மடிக்கணினியில் சில நொடிகளில் விடை வந்துவிடும். மதியம் மழை கொட்டி ஒரு சாலை மூடினால் அந்தப் பாதையை நீக்கிவிட்டு மறுபடி ஓட்டலாம். டெல்டாவுக்கு இந்த வேகம்தான் முக்கியம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு குணம் உண்டு. நெல்லை டன்னில் எண்ணாமல் லாரி லோடில் எண்ணி, இருப்பையும் கிடங்கு இடத்தையும் முழு எண்ணாகக் கொடுத்தால், சிம்ப்ளெக்ஸ் தரும் விடையும் முழு லோடாகவே வரும். அரை லாரி, முக்கால் லாரி என்று வராது. (வேறு நிபந்தனைகளை நிறையச் சேர்த்தால் இந்தக் குணம் உடையலாம்.) அப்புறம் நிழல் விலை, அதாவது ஒரு கிடங்கில் கொஞ்சம் இடம் கூடினால் எவ்வளவு மிச்சம் என்று சொல்லும் எண். மேலே சொன்ன உதாரணத்தில் க கிடங்கில் ஒரு டன்னுக்குக் கூடுதல் இடம் கிடைத்தால் அ-வின் ஒரு டன் 14-க்குப் பதில் 10 கிலோமீட்டர் போனால் போதும். அந்த இடத்தின் மதிப்பு 4 டன்-கிலோமீட்டர். எந்த ஊரில் அடுத்த திறந்தவெளிச் சேமிப்பு மையம் போடலாம், எந்தக் கிடங்கிலிருந்து முதலில் சரக்கு ரயிலில் நெல்லை வெளியூர் அரவைக்கு அனுப்பலாம் என்பதற்கு இது கணக்கிலிருந்தே வரும் பதில்.

ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். கிலோமீட்டரை மட்டும் குறைக்கச் சொன்னால் இந்தக் கணித மாதிரி அதை மட்டுமே குறைக்கும். தூரத்து நிலையத்தின் அட்டியைக் கடைசி நாள் வரை தொடாமலே விட்டுவிடும். அதனால் தங்கும் ஒவ்வொரு மூட்டைக்கும் நாளுக்கு இவ்வளவு என்று ஒரு தண்டனைச் செலவைச் சேர்த்தாக வேண்டும். மழை எச்சரிக்கை வந்த நாளில் அதை ஏற்ற வேண்டும், கூரையில்லாத நிலையத்துக்கு இன்னும் அதிகம் ஏற்ற வேண்டும். என் கண்ணில் முழு மாதிரியிலும் இந்த ஒரு எண்ணுக்குத்தான் கனம் அதிகம். அதை முடிவு செய்யும் நாற்காலியில் முளைத்த நெல்லைக் கையில் அள்ளிப் பார்த்தவர் ஒருவர் இருக்க வேண்டும்.

மூன்றாவது, முழு எண் திட்டமிடல். எந்த ஊரில் நிலையம் திறக்கலாம் என்ற ஆம்/இல்லை கேள்விக்கு இது வேண்டும். 30 ஊர்கள் என்றால், ஒவ்வொன்றிலும் திறப்பதா வேண்டாமா என்று 107 கோடிக்கும் மேல் சேர்க்கைகள். 1960-ல் லேண்ட், டாய்க் என்ற இரண்டு பெண்கள் தந்த கிளைத்துக் கழிக்கும் முறை, எல்லாவற்றையும் எண்ணாமலே விடைக்குப் போகிறது. கையில் இருக்கும் விடை மிகச் சிறந்த விடையிலிருந்து அதிகபட்சம் எத்தனை சதவீதம் விலகியிருக்கும் என்றும் சொல்லிவிடும். ஆனால் நேரம் பிடிக்கும். பருவத்துக்கு ஒருமுறை போடும் கணக்குக்குச் சரி, தினசரி இயக்கத்துக்கு வேண்டாம்.

நான்காவது, தோராய வழிமுறைகள். கிடங்கிலிருந்து ஒரு லாரி பத்து ரேஷன் கடைக்கு அரிசி இறக்கப் போனால், வரிசை மட்டும் 36,28,800 விதம். 1964-ல் கிளார்க்கும் ரைட்டும் தந்த சேமிப்பு முறை எளிது: இரண்டு கடைகளை ஒரே நடையில் சேர்த்தால் எவ்வளவு மிச்சம் என்று பார்த்து, அதிக மிச்சத்திலிருந்து சேர்த்துக்கொண்டே போவது. கூகுளின் ஓஆர்-டூல்ஸ் என்ற மென்பொருள் இலவசமாகவே இதைச் செய்யும். மிகச் சிறந்த விடை என்ற உத்தரவாதம் கிடையாது, நல்ல விடை கிடைக்கும். ரேஷன் கடை நடைக்கு அது போதும். ஆனால் நேர்கோட்டுத் தூரத்தைக் கொடுத்து ஏமாறக் கூடாது. வெண்ணாறு, வெட்டாறு, பாமணியாறு என்று ஆறுகள் பிரிந்து ஓடும் மண் இது. அக்கரையில் கண்ணுக்குத் தெரியும் கடைக்கு, பாலம் இருக்கும் ஊர் வரை சுற்றித்தான் போக வேண்டும்.

2024 டிசம்பரில் ஒன்றிய உணவுத் துறை தொடங்கிய அன்ன சக்ரா திட்டம் ரேஷன் பொருட்களின் பாதைகளை இப்படிக் கணக்குப் போட்டு அமைப்பதுதான். உலக உணவுத் திட்டமும் டெல்லி ஐஐடியும் அதில் சேர்ந்து வேலை செய்திருக்கின்றன. அது கிடங்கிலிருந்து கடைக்குப் போகும் பாதை. வயலோரத்திலிருந்து கிடங்குக்கு வரும் பாதைக்கும் அதே அக்கறை வேண்டும் என்று கேட்கிறேன். அதற்கு முதலில் தேவைப்படுவது மூன்று அட்டவணைகள்: நிலையத்துக்கு நிலையம் தினமும் மாலை அட்டியில் இருக்கும் மூட்டை எண்ணிக்கை, கிடங்குகளில் காலியாக உள்ள இடம், மழை நாளில் லோடு லாரி போகக்கூடிய சாலைகளின் தூரம். மூன்றாவதைச் சரியாக எழுதித் தர அந்த நோட்டும் போனும் வைத்திருக்கும் ஊழியரால்தான் முடியும்.