கிரப் 2-இன் வலையமைப்பு வசதி: சில வாரப் பயன்பாட்டுக்குப் பின்

லினக்ஸ் பயன்படுத்துவோரில் பலருக்கு, இயங்குதளத்தை ஏற்றிவிடும் நிரலான (பூட் லோடர்) கிரப் என்பது கணினி எழும்போது சில நொடிகள் தோன்றி மறையும் ஒரு கறுப்புத் திரை மட்டுமே. ஐபி, டிசிபி, டிஎன்எஸ், டிஎஃப்டிபி, ஹெச்டிடிபி ஆகிய வலையமைப்பு நெறிமுறைகளைக் கையாண்டு, இயங்குதளக் கோப்புகளை வேறொரு கணினியிலிருந்து (சர்வர்) இழுத்துவரக்கூடிய சிறிய வலையமைப்பு அடுக்கு ஒன்று, 2012 ஜூனில் வெளியான 2.00 பதிப்பிலிருந்தே அந்தத் திரைக்குப் பின்னால் இருந்துவருகிறது. வீட்டில் ஒதுக்கிவைத்திருந்த இரண்டு மேசைக் கணினிகளின் வன்தட்டுகளைக் கழற்றிவிட்டு, பழைய வகை ஃபர்ம்வேரான (கணினிப் பலகையிலேயே பதிந்திருக்கும் தொடக்க நிரல்) பயாஸ் கொண்ட ஒன்றையும், புதிய வகையான யுஇஎஃப்ஐ கொண்ட மற்றொன்றையும் இந்த வசதியின் வழியாகவே சில வாரங்கள் எழுப்பிப் பார்த்தேன்.

முதலில் அதன் கட்டமைப்பைச் சொல்ல வேண்டும், ஏனெனில் நிறைகளும் குறைகளும் அங்கிருந்தே கிளம்புகின்றன. இன்று கிரப் லெகசி என்று அழைக்கப்படும் முந்தைய தலைமுறை, வலையமைப்பு வழியே கணினியை எழுப்ப உருவான ஈதர்பூட் திட்டத்தின் டிரைவர்களை (வன்பொருளை இயக்கும் நிரல்கள்) கடன்வாங்கித் தன்னுள் சேர்த்துக்கொண்டிருந்தது. அதனால் நம்மிடமுள்ள வலையமைப்பு அட்டைக்கு ஏற்ற டிரைவரைச் சேர்த்துத் தொகுக்க வேண்டியிருந்தது, புதிய அட்டைகள் சந்தைக்கு வந்தபோது அந்தப் பழைய டிரைவர்கள் பயனற்றுப்போயின. கிரப் 2 அந்தச் சுமையை ஏற்கவில்லை. அட்டையோடு பேசும் பொறுப்பைக் கணினியின் ஃபர்ம்வேரிடமே விட்டுவிட்டு, பயாஸில், வலையமைப்பு வழியே கணினியை எழுப்புவதற்கான பிஎக்ஸ்இ இடைமுகம் வழியாகவும், யுஇஎஃப்ஐயில் எஸ்என்பி என்ற நெறிமுறை வழியாகவும் தரவுப் பொட்டலங்களை வாங்கியும் கொடுத்தும் வருகிறது; அவற்றுக்கு மேலுள்ள அடுக்குகள் மட்டுமே அதன் சொந்தக் கைவேலை. ஒரு பூட் லோடருக்கு இது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். ஆனால் ஃபர்ம்வேர் எவ்வளவு ஒழுங்காக எழுதப்பட்டிருக்கிறதோ அவ்வளவுதான் கிரப்பும் ஒழுங்காக இயங்கும்.

இதன் விளைவை முதல் நாளே கண்டேன். பிஎக்ஸ்இ வழியாக எழுப்பியபோது பயாஸ் கணினி எந்தச் சிக்கலுமின்றி சர்வரைக் கண்டுகொண்டது. அதே கணினியில் கிரப்பை யுஎஸ்பி குச்சியிலிருந்து ஏற்றியபோது ஒரு வலையமைப்பு அட்டையும் இல்லை என்று சொல்லிவிட்டது; ஃபர்ம்வேர் பிஎக்ஸ்இ பகுதியை நினைவகத்தில் ஏற்றாத நிலையில் கிரப்புக்குப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை என்பதே காரணம். யுஇஎஃப்ஐ கணினியில் குச்சியிலிருந்தும் வலையமைப்பு கிடைத்தது, ஆனால் அதற்கு முன் விரைவுத் துவக்கத்தை அணைக்க வேண்டியிருந்தது. இதைக் கண்டுபிடிக்க ஒரு மாலைப்பொழுது போயிற்று. வைஃபை வழியாக எழுப்பலாம் என்று எண்ணியிருப்பவர்கள் அந்த ஆசையை இங்கேயே விட்டுவிடலாம்.

வேகத்தைப் பொறுத்தவரை, எளிய கோப்புப் பரிமாற்ற நெறிமுறையான டிஎஃப்டிபியை நம்பிப் பெரிய கோப்புகளை இழுப்பது பொறுமையைச் சோதிக்கும். அந்த நெறிமுறையின் அடிப்படை வடிவில் ஒரு துண்டு வந்து அதற்கு ஒப்புகை போன பிறகே அடுத்த துண்டு கிளம்பும். கிரப் 1024 பைட் துண்டுகளைக் கேட்பதால், 100 எம்பி கொண்ட ஓர் இனிட்ராம்எஃப்எஸ் கோப்புக்கு (லினக்ஸின் மைய நிரலான கர்னல் எழும்போது பயன்படுத்தும் தற்காலிகக் கோப்புத் தொகுப்பு) ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட முறை இந்தக் கொடுக்கல் வாங்கல் நடக்க வேண்டும். துண்டுக்கான எண் 16 பிட் மட்டுமே என்பதால், ஏறத்தாழ 64 எம்பியைத் தாண்டியதும் எண் முதலிலிருந்து தொடங்கியாக வேண்டும். இதைச் சரியாகக் கையாளும் திருத்தம் 2020-இல்தான் கிரப்பில் சேர்ந்தது. எனவே கிரப்பையும், தேவைக்கேற்ப ஏற்றப்படும் அதன் துணைப் பகுதிகளான மாட்யூல்களையும் மட்டும் டிஎஃப்டிபியில் வைத்துவிட்டு, கர்னலையும் இனிட்ராம்எஃப்எஸ் கோப்பையும் ஹெச்டிடிபி சர்வருக்கு மாற்றினேன். வேறுபாடு கடிகாரம் பார்க்காமலே தெரிந்தது. புரோகிரஸ் மாட்யூலையும் ஏற்றிக்கொள்வது நல்லது, இல்லாவிட்டால் திரை உறைந்துவிட்டதா, கோப்பு வந்துகொண்டிருக்கிறதா என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

எனக்கு மிகவும் பிடித்தது, ஒவ்வொரு கணினியின் மேக் முகவரியையும் (வலையமைப்பு அட்டையின் அடையாள எண்) ஐபி முகவரியையும் பெயரில் கொண்ட அமைப்புக் கோப்பு சர்வரில் இருக்கிறதா என்று கிரப் தானாகவே தேடும் வசதி. வன்தட்டிலிருந்து எழும்போது எழுதும் அதே மெனு மொழியில், ஒரே அடைவில், இரு கணினிகளுக்கும் தனித்தனி மெனு வைத்துக்கொள்ள முடிந்தது. ஆனால் 2025-இல் வெளிவந்த சிவிஇ-2025-0624 என்ற பாதுகாப்புக் குறை இதே தேடும் பகுதியில்தான் இருந்தது. நீளத்தைச் சரிபார்க்காமல் ஒரு சரத்தை நகலெடுத்ததால் நினைவக எல்லைக்கு வெளியே எழுத வழி ஏற்பட்டிருந்தது. அதற்கு முன் 2022-இல் ஐபி பொட்டலங்களைச் சேர்க்கும் இடத்திலும், ஹெச்டிடிபி தலைப்பு வரிகளைப் படிக்கும் இடத்திலும் இதே வகைக் குறைகள் வெளியாயின. கையொப்பமிட்ட நிரல்களை மட்டுமே எழவிடும் செக்யூர் பூட் ஏற்பாட்டின் நம்பிக்கைச் சங்கிலியில் ஒரு கண்ணியாக நிற்கும் நிரல், யார் வேண்டுமானாலும் பொட்டலம் அனுப்பக்கூடிய கம்பியைக் கேட்டுக்கொண்டிருக்கிறது என்பதால், பழைய பதிப்பை வைத்து இந்த வசதியைப் பயன்படுத்த வேண்டாம்.

ஹெச்டிடிபியின் மறையாக்கப்பட்ட வடிவமான ஹெச்டிடிபிஎஸ் இல்லாதது பலரும் சொல்லும் குறை. அதை ஓரளவு ஈடுசெய்யும் வழி கிரப்பிலேயே உண்டு: பொதுச் சாவியை உள்ளே பதித்து, கையொப்பச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கிவிட்டால், தனிக் கையொப்பக் கோப்பு இல்லாத எதையும், அமைப்புக் கோப்பையும் கூட, அது ஏற்க மறுக்கும். செக்யூர் பூட் மட்டும் இருந்தால் கர்னல் சோதிக்கப்படும், ஆனால் தனியாக வரும் இனிட்ராம்எஃப்எஸ் சோதிக்கப்படாது என்பதால் இந்த ஏற்பாட்டுக்கு மதிப்பு அதிகம். ஒரே தொல்லை, மெனுவில் ஒரு எழுத்தை மாற்றினாலும் மறுபடி கையொப்பமிட வேண்டும்.

ஹெச்டிடிபிஎஸ், ஐஸ்கசி (வலையமைப்பு வழியே தொலைவிலுள்ள வட்டைப் பயன்படுத்தும் முறை), விரிவான ஸ்கிரிப்ட் ஆகியவை தேவைப்படுவோருக்கு, வலையமைப்பு வழியே எழுப்பும் மற்றொரு நிரலான, 2010-இல் ஜிபிஎக்ஸ்இயிலிருந்து கிளைத்த ஐபிஎக்ஸ்இதான் பொருத்தமானது. அதனிடம் சொந்த டிரைவர்களும் உண்டு. கம்பியால் இணைந்த, தம் கட்டுப்பாட்டில் உள்ள உள் வலையமைப்பில், ஏற்கெனவே கிரப் மெனுவை எழுதிப் பழகியவர்களுக்கு கிரப்பே போதும். என் பயாஸ் கணினி இன்னும் வன்தட்டு இல்லாமல்தான் எழுகிறது. மற்றொன்றுக்கு மட்டும், வேறு வேலை இருந்ததால், வன்தட்டைத் திரும்ப மாட்டிவிட்டேன்.