நியூயார்க்கின் டிரையாங்கிள் நினைவிடம்: கோத்தகிரி டெய்லர் ஒருத்தியின் மதிப்பீடு

கோத்தகிரியில் தையல் கடை வைத்திருக்கிறேன், பெண்களுக்கு வகுப்பும் எடுக்கிறேன். நியூஜெர்சியில் மகன் வீட்டுக்குப் போனபோது, இந்தத் தீ விபத்து நினைவிடத்தைக் காட்டித்தான் ஆகவேண்டும் என்று அவனிடம் அடம்பிடித்தேன். நம் மலையிலிருந்து பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

சிம்ஸ் பார்க் மாதிரி புல்வெளி, பூச்செடி என்று எதிர்பார்க்காதீர்கள். ஒரு பல்கலைக்கழகக் கட்டடத்தின் சுவர், கீழே நடைபாதை, அவ்வளவுதான். 1911 மார்ச் 25, சனிக்கிழமை சாயங்காலம், இதன் மேல் மூன்று மாடிகளில் இருந்த டிரையாங்கிள் என்ற, பெண்களுக்கான சட்டை தைக்கும் கம்பெனி எரிந்தது. இறந்தவர்கள் 146 பேர். அதில் 123 பேர் பெண்கள், பெரும்பாலும் பிழைக்க வந்த இத்தாலிய, யூதக் குடும்பத்துப் பிள்ளைகள். 14 வயதுக்காரிகளும் உண்டு.

தீ பிடித்தது எட்டாம் மாடியில், கட்டிங் மேஜைக்கு அடியில் இருந்த வெட்டுத்துணிப் பெட்டியில். மெல்லிய காட்டன் துண்டுகள் எப்படிப் பற்றும் என்று தைப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒன்பதாம் மாடியில் ஒரு படிக்கட்டுக் கதவு பூட்டியிருந்தது. வேலை முடிந்து போகிறவர்களின் பையைச் சோதிக்க ஒரே வழியாக அனுப்புவார்களாம். கல்யாணத்துக்கு முன் நான் வேலை பார்த்த திருப்பூர் கம்பெனியிலும் அதே சோதனைதான், அதே ஒற்றை வழிதான்.

2023இல்தான் நினைவிடத்தைத் திறந்தார்கள். கட்டட மூலையில் இறங்கும் எஃகு ரிப்பன் தலைக்கு மேலே சுவரோரமாகத் திரும்பி ஓடுகிறது. பெயர்களை அதில் துளையாக வெட்டியிருக்கிறார்கள். இடுப்பு உயரத்தில் ஒரு கறுப்புப் பலகை இருக்கிறது. குனிந்து பார்த்தால் மேலே உள்ள பெயர்கள் அதில் தெரிகின்றன, கூடவே உயிர் தப்பியவர்கள் சொன்ன வார்த்தைகளும். எஃகில் துணியின் தடம் இருப்பதைக் கவனியுங்கள். பலர் கொண்டுவந்த துணித் துண்டுகளைச் சேர்த்துச் செய்த நீள ரிப்பனின் பதிவு அது. என் மகன் கவனிக்கவே இல்லை, நான் காட்டினேன்.

படங்களை வகுப்பில் காட்டியபோது, "அக்கா, முதலாளிங்களுக்கு என்ன தண்டனை?" என்றாள் ஒருத்தி. விடுதலைதான். 1914இல், வழக்குப் போட்ட குடும்பங்களுக்கு ஓர் உயிருக்கு 75 டாலர்.

டிக்கெட் கிடையாது. உட்காரவும் இடம் கிடையாது. மூட்டுவலிக்காரர்கள் பக்கத்து வாஷிங்டன் சதுக்கப் பூங்காவுக்குப் போய் உட்காரலாம். முடிந்தால் மார்ச் 25ஐ ஒட்டிப் போங்கள். பெயர்களை வாசித்து மணி அடிப்பார்கள். தீயணைப்பு வண்டியின் ஏணியை ஆறாம் மாடிவரை உயர்த்தி நிறுத்துவார்கள், அன்றைக்கு ஏணி எட்டியது அவ்வளவுதான். நான் போனது அக்டோபரில், அதைப் பார்க்க வாய்க்கவில்லை.

ஐந்துக்கு நாலரை. அரை மார்க்கைக் குறைத்தது பெஞ்சு போடாததற்கு.