பிடபிள்யூ-5 கிளைடர்: ஒரே வடிவப் பந்தயத்துக்கு வாங்கலாமா?

எல்லோரும் ஒரே வகை கிளைடரில் (இயந்திரமில்லா விமானத்தில்) மோதும் பந்தயத்துக்கு இதை வாங்கலாம், ஆனால் ஒரு நிபந்தனையோடு. டிரெய்லரை இழுத்துக்கொண்டு ஒரே நாளில் போய்ச் சேரும் தூரத்துக்குள் இன்னும் நாலைந்து பிடபிள்யூ-5 இருக்க வேண்டும். தனியாக ஒன்றை வாங்கி வைத்தால் அது பந்தய விமானம் ஆகாது.

விமானிகளின் பணப்பை அல்ல, திறமை மோத வேண்டும் என்பதற்காகச் சர்வதேச கிளைடிங் ஆணையம் உருவாக்கியதுதான் 'உலக வகுப்பு'. அதற்குத் தேர்வானது வார்சா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பிறந்த இந்த வடிவம். இறக்கை நீளம் 13.44 மீட்டர், வெற்று எடை சுமார் 190 கிலோ, உச்ச எடை 300 கிலோ, சறுக்கு விகிதம் 32 (ஒரு மீட்டர் உயரம் இழப்பதற்குள் 32 மீட்டர் முன்னேறும்). முதல் உலகப் போட்டி 1997-இல் துருக்கியின் இனோனுவில் நடந்தது. இன்று அந்த வகுப்பே இல்லை. அதன் இடத்தில் 13.5 மீட்டர் வகுப்பு வந்துவிட்டது.

விமானத்தின் மேல் பெரிய குற்றம் சொல்ல முடியாது. தெர்மலில் (மேலெழும் சூடான காற்றில்) மெதுவாக, சின்ன வட்டமடித்து ஏறும். சக்கரம் நிலையானது என்பதால் அதை இறக்க மறந்து வயிற்றால் தரையிறங்கும் விபத்துக்கு இடமில்லை. மூக்கிலும் சக்கரம் இருக்கிறது. வகுப்பைக் கவிழ்த்தது விலைதான். புதிய பிடபிள்யூ-5 வாங்கும் பணத்தில், விகிதம் 40-ஐ நெருங்கும் பழைய 15 மீட்டர் கிளைடர் கிடைத்தது. பந்தயம் வருடத்தில் சில நாள். மற்ற ஞாயிறுகளில் தூரம் போக எது உதவும் என்றே வாங்குபவர் பார்த்தார்.

எதிர்காற்றில் அந்த வித்தியாசம் கண்கூடாகத் தெரியும். 1,000 மீட்டர் உயரத்திலிருந்து, காற்றில்லாதபோது பிடபிள்யூ-5 சுமார் 32 கி.மீ. போகும். 80 கி.மீ. வேகத்தில் பறந்து 30 கி.மீ. எதிர்காற்றைச் சந்தித்தால் அது 20 ஆகிவிடும். சுமார் 100 கி.மீ. வேகத்தில் பறக்கும், அப்படிப்பட்ட 15 மீட்டர் கிளைடரான எல்எஸ்4-க்கு 40 கி.மீ. 28 ஆகும்.

ஒரே வடிவம் என்றால் தானாகவே சமப் போட்டி ஆகிவிடாது. பாராசூட்டோடு 60 கிலோ விமானிக்கு மொத்த எடை 250, 110 கிலோ விமானிக்கு 300. சறுக்குக் கோணம் இருவருக்கும் ஒன்றுதான். ஆனால் கனமானவர் அதே கோணத்தில் ஏறக்குறைய 9.5 சதவீதம் வேகமாகப் போவார். தெர்மல் வலுவான நாளில் இதுவே வெற்றியைத் தீர்மானித்துவிடும், வலுவில்லாத நாளில் மெலிந்தவர் மேலே ஏறிவிடுவார். ஆகவே பறக்கும் எடையை விதியில் எழுதி, எல்லோரையும் தராசில் நிறுத்துங்கள். குறைவதை ஈயத் தகடால் ஈடுகட்டலாம். விமானக் கையேடு அனுமதிக்கும் இடத்தில் இறுக்கிப் பூட்டி, ஈர்ப்பு மையம் எல்லைக்குள் இருக்கிறதா என்று கணக்கிட்ட பிறகே பறக்க வேண்டும்.

பக்கத்தில் எல்எஸ்4 அதிகமா? தயங்காமல் அதையே வகுப்பாக்குங்கள். ஆயிரத்துக்கு மேல் தயாரானது, திரும்ப விற்பதும் எளிது. எடை கூட்ட இறக்கையில் தண்ணீர் நிரப்பத் தடை போட்டுவிடுங்கள். வாங்கும்போது ஜெல்கோட் (மேற்பூச்சு) வெடிப்பைப் பாருங்கள்: முழுதும் உரித்துப் பூசும் செலவு சில சமயம் விமானத்தின் விலையைத் தொட்டுவிடும். பழைய எல்எஸ்4-களில் இறக்கையைப் பொருத்தும்போது கட்டுப்பாட்டுத் தண்டுகளைக் கையால் இணைக்க வேண்டும். பூட்டு சரியாக விழாவிட்டால் வானில் கழன்றுவிடலாம். ஒருவர் இறக்கை முனையில் ஏலரானை (இறக்கையின் பின்விளிம்பில் அசையும் பலகையை) அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் கட்டுப்பாட்டு ஸ்டிக்கை அசைத்துச் சோதித்த பிறகே புறப்பட வேண்டும்.

அமெரிக்காவில் என்றால் ஷ்வைட்சர் 1-26. விகிதம் வெறும் 23. 1979-இல் தயாரிப்பும் நின்றுவிட்டது. ஏறத்தாழ 700 விமானங்களும் ஒரு வலுவான சங்கமும் இருந்ததால் அதன் பந்தயம் நிற்கவில்லை. துணி போர்த்திய பழைய ரகங்களில், வால் பக்கத்து அடிக் குழாய்களில் ஈரம் தேங்கித் துரு பிடித்திருக்கிறதா என்று துணியைத் திறந்து பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

எந்த வகுப்பானாலும் பந்தயப் பாதையை அதன் விகிதத்துக்கு ஏற்ப அமையுங்கள். எதிர்காற்றுப் பகுதி, தெர்மல் உச்சத்தில் இருக்கும் பிற்பகலில் வர வேண்டும்; கடைசியில் வைத்தால், தெர்மல் தளரும் மாலையில் பாதிப் பேர் வயல்களில்தான் இறங்குவார்கள்.