குவியலிலிருந்து விறகு இழுக்க ஹூக்கரூன்: வாங்கலாமா?

மரத்தை வெட்டி லாரியில் ஏற்றிக்கொண்டு போன பிறகு காட்டில் மிஞ்சுவது நுனியும் கிளையும் கோணல் அடிக்கட்டையும்தான். அதையெல்லாம் இயந்திரத்தால் வாரி ஓரிடத்தில் குவித்து வைப்பார்கள். ஈரமான பருவம் வந்ததும் பெரும்பாலும் கொளுத்திவிடுவார்கள். அதற்குள் அனுமதி வாங்கிக்கொண்டு போகிறவருக்கு அந்தக் குவியலில் நல்ல விறகு உண்டு. போகிறவர்கள் எல்லோரும் கேட்பது, எந்தச் செயின்சா வாங்கலாம் என்றுதான். ஆனால் குவியலில் நேரத்தைத் தின்பது அறுப்பு அல்ல, இழுப்பு. ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடக்கும் கட்டைகளைக் குனிந்து குனிந்து கையால் உருவினால் அரை நாளில் இடுப்பு போய்விடும். செயின்சா எதுவாகவும் இருக்கட்டும். முதலில் ஒரு ஹூக்கரூன் வாங்குங்கள்.

பார்க்கக் கோடாலி மாதிரிதான் இருக்கும். வெட்டுவாய் இருக்க வேண்டிய இடத்தில் பிடியை நோக்கி வளைந்த ஒற்றை முள். துறட்டியின் முரட்டு அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம். இதே குடும்பத்தில் பிக்கரூன் என்பதும் உண்டு. அதன் முள்ளில் வளைவு குறைவு. குட்டையான துண்டுகளைச் சட்டென்று குத்தித் தூக்கிப் போட வசதி. நீளமான கட்டையைத் தொடர்ந்து இழுக்கும்போது மட்டும் அது நழுவும். ஆல்ப்ஸ் மலைக்காட்டு ஆட்கள் வைத்திருக்கும் சாப்பி இன்னும் கனமானது, கட்டையை நெம்பவும் செய்யலாம். விறகு எடுக்கிறவருக்கு அவ்வளவு கனம் வேண்டாம். வளைந்த முள்ளே போதும்.

பிடி 90 செ.மீ. அளவில் இருக்கட்டும். நின்றபடியே தரையில் கிடக்கும் கட்டையைத் தொடலாம். 45 செ.மீ. குட்டைப் பிடி வண்டியில் அடுக்கத்தான் லாயக்கு. குவியலருகே அதை வைத்துக்கொண்டு நின்றால் மறுபடியும் குனியத்தான் வேண்டும்.

மரப்பிடியா அலுமினியமா என்பது அடுத்த கேள்வி. கவுன்சில் டூல் மாதிரியான பழைய கோடாலிக்காரர்கள் ஹிக்கரி மரப்பிடி போட்டுத் தருகிறார்கள்; லாக்ரைட் என்ற நிறுவனம் அலுமினியக் குழாயில் பல நீளங்களில் செய்கிறது. மரப்பிடி கைக்கு இதம், அதிர்வை வாங்கிக்கொள்ளும். வாங்கும்போது பிடியின் அடிமுனையைத் திருப்பி ரேகையைப் பாருங்கள். தலை நீளும் திசையிலேயே ரேகையும் ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் ஓங்கி இழுக்கும் ஒரு நாளில் தலைக்குக் கீழே முறியும். வெயிலில் போட்டு வைத்தால் மரம் சுருங்கித் தலை ஆடும். ஆப்பை இன்னும் கொஞ்சம் உள்ளே தட்டுங்கள், ஆளிவிதை எண்ணெய் தடவுங்கள். தண்ணீரில் ஊறப்போடும் பழக்கம் வேண்டாம்: ஊறியபோது இறுகும், காய்ந்ததும் முன்பைவிட மோசமாக ஆடும். அலுமினியத்தில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. ஆனால் குளிரில் கையைச் சில்லிட வைக்கும், அடி நேராகக் கைக்கு ஏறும். ஆண்டுக்கு நாலு வண்டி விறகுக்கு மேல் எடுப்பவர் அலுமினியத்துக்குப் போகலாம். மற்றவர்களுக்கு மரமே போதும்.

கடையிலிருந்து வரும் பல கொக்கிகளில் முள்ளின் நுனிவரை பெயின்ட் அடித்திருக்கும். அப்படியே அடித்தால் மரத்தில் ஏறாமல் எகிறும். முதல் 2 செ.மீ. பெயின்ட்டைத் தட்டை அரத்தால் எடுத்துவிட்டு, நாலு பக்கமும் சமமாக ராவுங்கள். ஊசி மாதிரி மெலிய விடாதீர்கள். வைரம் பாய்ந்த கட்டையில் பட்டால் மடங்கும், இல்லையென்றால் உடையும். அவசரப்பட்டு கிரைண்டரில் சாணை பிடித்தால் நுனி நீலம் பாயும். நீலம் பாய்ந்தால் பதம் போயிற்று என்று அர்த்தம். அதன் பிறகு எத்தனை முறை ராவினாலும் கூர் நிற்காது.

அடிக்கும் இடமும் முக்கியம். நீளக் கட்டையை இழுக்க, முனையிலிருந்து ஒரு சாண் தள்ளி மேல்பக்கத்தில் அடியுங்கள். விளிம்பிலேயே அடித்தால் சிராய் பெயர்ந்து வரும், கட்டை அங்கேயே கிடக்கும். உரிந்து தொங்கும் பட்டையில் குத்தினால் பட்டை மட்டும்தான் கையோடு வரும். குட்டைத் துண்டைத் தூக்க வெட்டுமுகத்தில் குத்தலாம். கழற்ற முரட்டுத்தனம் தேவையில்லை: இழுவையைத் தளர்த்திப் பிடியை ஒரு தரம் முன்னால் தள்ளினால் முள் கழன்றுகொள்ளும். கழலவில்லை என்று தலையில் சுத்தியலால் அடிக்காதீர்கள், எஃகுத் துணுக்கு கண்ணுக்குப் பாயும்.

குறைகளும் உண்டு. உறைந்த மரத்திலும் நன்றாகக் காய்ந்து இறுகிய மரத்திலும் முள் வழுக்கும். முள் நம்மைப் பார்த்தபடி இருப்பதால் வழுக்கினால் வருவது முழங்காலுக்குக் கீழேதான். காலை அகட்டி நின்று, கைக்கெட்டும் தூரத்துக்கு அப்பால் அடியுங்கள். செயின்சாவுக்கான கால்கவசம் இந்த முள்ளைத் தடுக்கச் செய்யப்பட்டதல்ல. உளுத்த கட்டையிலும் பிடிப்பு நிற்காது. அதைக் குறை என்று சொல்லக்கூடாது, அந்தக் கட்டையை விட்டுவிடு என்கிறது. எடைக்கும் எல்லை உண்டு. 20 செ.மீ. விட்டத்தில் 2 மீட்டர் நீளப் பச்சைக் கட்டை ஏறக்குறைய 55 கிலோ வரும். அதற்கு மேல் இருந்தால் அறுத்து எடுங்கள். உருட்ட நெம்புகோலாகப் பயன்படுத்தினால் பிடிதான் போகும்.

செயின்சாவுக்கும் இது செய்யும் உதவி பெரிது. இயந்திரம் வாரும்போது மண்ணும் கல்லும் சேர்ந்தே குவியலுக்குள் போயிருக்கும். அடியில் கிடக்கும் கட்டையை இருந்த இடத்திலேயே அறுத்தால் சங்கிலி இரண்டே அறுப்பில் மழுங்கி, துருவல் வர வேண்டிய இடத்தில் மாவு கொட்டும். வெளியே இழுத்து, மண் ஒட்டிய பட்டையைச் செதுக்கி, வேறொரு கட்டை மேல் தூக்கி வைத்து அறுங்கள்.

எது எப்படியானாலும் குவியல் மேல் ஏறாதீர்கள். ஓரத்தில் நின்று மேலே இருப்பதை முதலில் எடுங்கள். அடியில் ஒன்றை உருவினால் மேலே இருப்பது உருண்டு வரும். வில்லாக வளைந்து மாட்டியிருக்கும் கிளையைக் கொக்கியால் விடுவிக்கவே கூடாது, அது அறைகிற வேகத்தில் ஒதுங்க நேரம் இருக்காது. காற்றோட்டத்தால் மேலடுக்கு முன்னதாகவே காய்ந்திருக்கும். முனையில் வெடிப்பு ஓடியிருக்கிறதா, இரண்டு துண்டைத் தட்டினால் கணீரென்கிறதா என்று பார்த்து எடுங்கள். ஈரமானியை வெளிமுகத்தில் குத்தி ஏமாற வேண்டாம். பிளந்து, புதுமுகத்தில் 20 சதவீதத்துக்குக் கீழே காட்டினால் அடுப்புக்குப் போகலாம்.

வாங்கியதும் பிடியின் முனையில் ஒரு கைப்பிடி அகலத்துக்குப் பளிச்சென்ற ஆரஞ்சுப் பெயின்ட் அடித்துவிடுங்கள். கிளைகளுக்கு நடுவே கீழே வைத்த மரப்பிடி இன்னொரு கிளை மாதிரியே தெரியும். குவியலோடு எரிந்துபோகும் ஹூக்கரூன்கள் அப்படிப்பட்டவைதான்.