ஞானப்பல்லுக்குப் 'பேக்கேஜ்' பேசும் பல் மருத்துவமனைகள்: ஓர் எச்சரிக்கை

சென்னையில் பல கிளைகளோடு இயங்கும் ஒரு தனியார் பல் மருத்துவமனையில் என் தங்கைக்கு நேர்ந்ததை, இதே வலியோடு இருப்பவர்கள் அறிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். வலது கீழ்த்தாடையில் பாதி முளைத்திருந்த ஞானப்பல்லைச் சுற்றி ஈறு வீங்கி, வாயைத் திறக்கவே சிரமப்பட்ட நிலையில் அவள் அங்கே சென்றாள். மருத்துவர் அந்தப் பல்லுக்கு மட்டும் ஒரு சிறிய எக்ஸ்ரே எடுத்துவிட்டு, நான்கு ஞானப்பற்களையும் அகற்றாவிட்டால் முன்பற்கள் நெருங்கிக் கோணலாகிவிடும் என்று பயமுறுத்தினார். நான்குக்கும் சேர்த்துத் தள்ளுபடி உண்டு, ஆனால் அன்றே முன்பணம் கட்ட வேண்டும் என்று வரவேற்பில் இருந்தவர்கள் நெருக்கினார்கள்.

வீக்கம் வடிந்ததும் வலப்பக்கத்தின் மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் ஒன்றாக எடுத்தார்கள். மரத்துப்போகும் ஊசியின் வேகம் தணிந்த பிறகும் கீழுதட்டின் வலப்பாதியிலும் முகவாயிலும் உணர்ச்சி திரும்பவில்லை. தண்ணீர் குடித்தால் வழிவதுகூட அவளுக்குத் தெரியவில்லை. கேட்டபோதெல்லாம் "தானாகச் சரியாகிவிடும்" என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. எக்ஸ்ரேயையும் சிகிச்சைக் குறிப்புகளையும் கேட்டதற்கு, அவை மருத்துவமனைக்குச் சொந்தமானவை என்று மறுத்துவிட்டார்கள்.

பிறகு கோட்டை ரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். இரண்டு தாடைகளையும் ஒரே படத்தில் காட்டும் ஓபிஜி எக்ஸ்ரேயை அங்கேதான் முதன்முதலாகப் பார்த்தோம். கீழ்த்தாடை எலும்புக்குள் ஓடி, கீழுதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்ச்சியைத் தரும் நரம்பின் பாதையை, பல் பிடுங்கிய குழி ஏறக்குறைய தொட்டுக்கொண்டிருந்தது. பல்லை எடுக்கும் முன்பே இந்தப் படத்தை எடுத்திருந்தால் ஆபத்து கண்ணில் பட்டிருக்கும். தேவைப்பட்டால் முப்பரிமாண ஸ்கேன் எடுத்துப் பார்த்திருக்கலாம், அல்லது வேர்களை உள்ளேயே விட்டுவிட்டுப் பல்லின் தலைப்பகுதியை மட்டும் அகற்றும் முறையையாவது யோசித்திருக்கலாம். இவற்றில் ஒன்றையும் எங்களிடம் சொல்லாமலேதான் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். எனக்கு இன்றுவரை ஆறாத கோபம் இதில்தான்.

கீழ்ப் பல்லை எடுக்கச் சொன்னது தவறு என்று நான் சொல்லவில்லை. பாதி முளைத்த பல்லின் மேல் மூடியிருக்கும் ஈற்று மடிப்புக்குள் உணவு தங்கி, அடிக்கடி சீழ் கட்டினால் அந்தப் பல்லை எடுப்பது முறையான சிகிச்சையே. அதற்கு முன் அந்த இடத்தைக் கழுவிச் சுத்தம் செய்து, வெதுவெதுப்பான உப்புநீரால் கொப்பளிக்கச் சொல்வது வழக்கம். ஆனால் மேல் பல்லிலும், எங்கள் நல்ல காலத்தால் தப்பிய இடப்பக்கப் பற்கள் இரண்டிலும் எந்த நோயும் இருந்ததாகப் பதிவே இல்லை. அந்த இரண்டும் நேராக முளைத்திருக்கின்றன, சொத்தை இல்லை, துலக்குவதற்கும் எட்டுகின்றன, எடுக்க வேண்டாம் என்று அரசு மருத்துவர் சொன்னார். நோயில்லாத ஞானப்பல்லை முன்னெச்சரிக்கையாக அகற்றக் கூடாது என்று சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் (NICE) அமைப்பு 2000ஆம் ஆண்டிலேயே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. முன்பற்கள் கோணலாவதற்கு ஞானப்பல்தான் காரணம் என்பதற்கும் உறுதியான சான்று கிடையாது.

ஆகவே யாராவது ஞானப்பல்லை எடுக்கச் சொன்னால், ஒவ்வொரு பல்லுக்கும் தனித்தனியே காரணம் கேளுங்கள். கீழ்ப் பல் என்றால் ஓபிஜி பார்க்காமல் சம்மதிக்காதீர்கள். வேர் நரம்புக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதைப் படத்தில் காட்டச் சொல்லுங்கள். பல்லை எடுத்த மறுநாளும் உதடு மரத்தே இருந்தால், காத்திருக்காமல் வாய், முக, தாடை அறுவை சிகிச்சை நிபுணரிடம் காட்டுங்கள். பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ உணர்ச்சி திரும்பிவிடும் என்றாலும், சிலருக்கு அந்த மரப்பு நிரந்தரமாகவே தங்கிவிடுகிறது. என் தங்கைக்கு முகவாயில் உணர்ச்சி வந்துவிட்டது, உதட்டில் இன்னும் முழுமையாக வரவில்லை.

சிகிச்சைப் பதிவுகளின் நகலைப் பெறுவதும், வேறொரு மருத்துவரின் கருத்தைக் கேட்பதும் தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த நோயாளிகள் உரிமைச் சாசனத்தில் இடம்பெற்றுள்ள உரிமைகள். நாங்கள் மாநிலப் பல் மருத்துவக் கவுன்சிலில் புகார் அளித்திருக்கிறோம். நுகர்வோர் ஆணையத்துக்கான மனுவும் தயாராகிறது. செலுத்திய கட்டணம் 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிட்டால் அங்கே மனுக் கட்டணம் கிடையாது, ஆனால் பாதிப்பு நேர்ந்த 2 ஆண்டுகளுக்குள் மனு செய்ய வேண்டும். இதேபோல் பாதிக்கப்பட்டவர்கள் ரசீது, மருந்துச்சீட்டு, முன்பணம் கேட்டு வந்த குறுஞ்செய்திகள் எதையும் அழித்துவிடாதீர்கள்.