நடமாடும் கட்டுப்பாட்டு அறைக்கு எந்தக் கணினி? மூன்று வகைகள், ஒரு மதிப்பீடு

அவசரகாலக் கட்டுப்பாட்டு வண்டிக்குக் கணினி வாங்குவோர் முதலில் கேட்பது பிராசசர் என்ன, ரேம் எவ்வளவு என்றுதான். ஆனால் ஓடும் வண்டியில் கணினியைப் படுக்கவைப்பவை அதிர்வு, சூடு, சீரற்ற மின்சாரம் ஆகிய மூன்றும். வரைபடத்துக்கும் வீடியோவுக்கும் நடுத்தர பிராசசரே போதும்.

சாதாரண டெஸ்க்டாப் வேண்டவே வேண்டாம். மேடு பள்ளத்தில் கிராபிக்ஸ் கார்டு ஸ்லாட்டை விட்டு எழும்பும், டிஸ்க்கை இணைக்கும் சாட்டா கேபிள் தளரும். மலிவான இன்வெர்ட்டரில் ஓட்டினால் பவர் சப்ளை இரைந்து சூடாகும். வீட்டு மின்சாரம் போன்ற சுத்தமான சைன் அலை தரும் இன்வெர்ட்டர் போட்டாலும் சுமார் பத்து சதவீத மின்சாரம் வீணாகும்.

அடி, அதிர்வைத் தாங்கும்படி செய்யப்பட்ட ரக்டு லேப்டாப்பின் பெரிய பலம் அதற்குள்ளேயே இருக்கும் பேட்டரி. ஜெனரேட்டர் மாறும் நொடியில் வேலை நிற்காது. 'மில்-எஸ்டிடி-810எச்' என்ற அமெரிக்க ராணுவத் தர முத்திரையை மட்டும் நம்பிவிடாதீர்கள். அது பல சோதனைகளின் தொகுப்பு. அதிர்வுக்கான 514-ஆம் சோதனை, மோதலுக்கான 516-ஆம் சோதனை இரண்டிலும் தேறியதா என்று எழுத்தில் வாங்குங்கள். வெயிலில் பூட்டிக் கிடந்த வண்டியில் பேட்டரி சூடேறிச் சார்ஜ் ஏற மறுக்கும். லேப்டாப்பை வண்டியில் பொருத்தும் டாக்கின் தொடுமுனைகளும் நாளடைவில் தேயும். ஆகவே இறங்கி நடக்கும் அலுவலருக்கு இரண்டு போதும்.

வண்டிக்குள் இருக்கைகளில் வேலை செய்வோருக்கு ஏற்றது விசிறி இல்லாத தொழிலகக் கணினி. 9 முதல் 36 வோல்ட் வரை பேட்டரியின் டிசி மின்சாரத்தை நேரடியாக ஏற்பது, சுழலும் பாகமில்லாத எஸ்எஸ்டி சேமிப்பகம் உள்ளது, திருகிப் பூட்டும் பவர் கனெக்டர் கொண்டது என்று பார்த்து எடுங்கள். இதிலும் ஒரு சிக்கல் உண்டு. எஞ்சின் ஸ்டார்ட் ஆகும்போது 12 வோல்ட் பேட்டரி 7 வோல்ட்டுக்கும் கீழே இறங்கக்கூடும். அப்போது கணினி ரீஸ்டார்ட் ஆகிவிடும். அதனால் தனி பேட்டரியிலிருந்தே இணைப்புக் கொடுங்கள். எஞ்சின் சாவியைப் பார்த்துக் கணினியை ஆன், ஆஃப் செய்யும் இக்னிஷன் உணர்வு வசதியை அப்படியே விட்டுவிட்டால் இன்னும் மோசம்: சம்பவ இடத்தில் எஞ்சினை அணைத்ததும், அதாவது வேலை தொடங்கும் நேரத்தில், எல்லாக் கணினிகளும் தாமாக மூடிக்கொள்ளும். அதை முடக்கி, மின்னழுத்தம் குறைந்தால் மட்டும் அணையும்படி அமையுங்கள்.

பேட்டரிக் கணக்கு: 25 வாட் கணினி நான்கு, 20 வாட் திரை நான்கு, ரவுட்டருக்கும் ஸ்விட்ச்சுக்கும் 30 வாட், மொத்தம் 210. 12 வோல்ட் 100 ஆம்பியர்-மணி ஈய அமில பேட்டரியில் பாதியைத்தான் செலவழிக்கலாம், அதாவது 600 வாட்-மணி. மூன்று மணி நேரம்கூட வராது. அதே அளவு லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் 80 சதவீதம் எடுத்தால் சுமார் நான்கரை மணி நேரம் ஓடும்.

மின்னழுத்தத்தை மாற்றித் தரும் மலிவான டிசி கன்வெர்ட்டர்கள் விஎச்எஃப் வயர்லெஸ்ஸில் இரைச்சல் கிளப்பும். வயர்லெஸ்ஸில் இரைச்சலை அடக்கும் ஸ்கெல்ச்சைத் திறந்து வைத்து, கணினிகளை ஒவ்வொன்றாக ஆன் செய்தால் குற்றவாளி தெரிந்துவிடும். யுஎஸ்பி 3 கேபிள்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையைக் கெடுக்கும். ஆன்டெனாவிலிருந்து தள்ளி வையுங்கள்.

வண்டியைப் பெற்றுக்கொள்ளும் நாளில் எல்லாவற்றையும் ஓடவிட்டு, எஞ்சினைப் பத்து முறை ஸ்டார்ட் செய்யுங்கள். ஒரு திரை சிமிட்டினாலும் கையெழுத்துப் போடாதீர்கள்.